தேதி போடாத டிக்கெட்

விசா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்கு அடுத்த வார்த்தை காதில் விழாது. கல்யாண மண்டபத்துக்குள் நுழைவதுபோல் சந்தனம் பூசிக்கொண்டு, பன்னீர் தெளித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று நினைத்துக்கொள்வார்கள். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீசில் உட்கார்ந்து டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தவள் நான். துடியலூரிலிருந்து ஒருவர் வந்தார். நேபாளத்துக்கு ரேஷன் கார்டு காட்டியே போய் வந்தவராம். அதே கார்டை என் மேஜையில் வைத்து, "இதுல கொழும்புக்கு ரெண்டு போடுங்கம்மிணி" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பாஸ்போர்ட் கேட்டேன். விசாதான் வேண்டாம் என்றார்களே, அப்புறம் பாஸ்போர்ட் எதற்கு என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஆபீசுக்கு மாதாமாதம் ஒரு தடித்த புத்தகம் வரும். எந்த நாட்டுக்காரர் எந்த நாட்டுக்குள் நுழைய என்னென்ன வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். இலங்கைக்கு நம் ஆட்கள் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. போய் இறங்கிய இடத்திலேயே முப்பது நாளுக்கு முத்திரை குத்திவிடுவார்கள். ஆனால் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். தங்கும் இடத்தின் முகவரி வேண்டும். செலவுக்குக் கையில் டாலர் வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டும் வேண்டும், அதில் தேதி உறுதியாகியிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் ஒவ்வொருவரிடமும் ஒப்பிப்பேன். "வாரவங்க என்னைக்குத் திரும்பிப் போவாங்கன்னு தெரிஞ்சாத்தானுங்க உள்ள உடுவாங்க" என்பேன். ஒருநாள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஊட்டுக்கு வந்த ஒரம்பரைகிட்ட எப்பப் போவீங்கன்னு கேக்கிற ஊரா அது? நல்ல ஊருதான் போ."

உறவுக்காரர்களை எங்கள் பக்கம் ஒரம்பரை என்போம். ஒரம்பரை வந்தால் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவர்கள் கிளம்புகிறேன் என்றாலும், சித்த இருந்து போகலாம் என்றுதான் சொல்ல வேண்டும். அதை அம்மா கடைசிவரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கொழும்பில் எங்களுக்கு ஓர் ஒரம்பரை இருந்தாள். அம்மாவின் ஒரே அக்கா, என் பெரியம்மா. பெரியப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் நூல் மில் மெஷின்கள் செய்கிற ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். கொழும்புப் பக்கம் ஒரு மில்லுக்கு மெஷின் பூட்டப் போனார். பூட்டி முடித்தும் திரும்பவில்லை. அங்கேயே மோட்டார் பம்பு விற்கும் கடை ஒன்று போட்டு, பெரியம்மாவையும் பையனையும் அழைத்துக்கொண்டார். நான் அப்போது கைக்குழந்தை. பிறகு பெரியப்பா காலமானார், கடையை அந்தப் பையன், அதாவது எங்கள் அண்ணன், பார்த்துக்கொண்டார்.

எங்கள் அப்பா இறந்தபோது பெரியம்மா வந்தாள். காரியம் முடிந்து எல்லா ஒரம்பரையும் கிளம்பிப் போன பிறகும் அவள் போகவில்லை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். பெரியம்மா சமைத்தாள், என்னை வேலைக்கு அனுப்பினாள், அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துச் சோறு ஊட்டினாள். எப்போது ஊருக்குப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு காலையில் அம்மா தானாக எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் பெரியம்மா பெட்டியைக் கட்டினாள். அதற்கப்புறம் பல வருஷம் அக்காளும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஏழு வருஷம் கழித்து ஒரு நாள் ஆபீசுக்குப் போன் வந்தது. அண்ணன்தான்.

"அம்மணி, அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. ஆஸ்பத்திரியில இனி ஊட்டுலயே வெச்சுக்கங்கன்னு சொல்லிப்போட்டாங்க. சின்னம்மாவைப் பாக்கோணும்னு சொல்லிக்கிட்டே இருக்குது. பாக்கிறதுன்னா இப்பவே கூட்டிட்டு வந்துரு."

அம்மாவிடம் நான் முழுவதும் சொல்லவில்லை. முடியவில்லையாம், பார்க்க வேண்டுமாம் என்று மட்டும் சொன்னேன். அம்மா பீரோவைத் திறந்து, அந்துருண்டை வாசனையோடு பட்டுப் புடவைக்கு அடியில் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். எப்போதோ அண்ணன் கல்யாணத்துக்குப் போவதற்காக எனக்கும் அவளுக்கும் சேர்த்து எடுத்தது. அப்போது கொழும்பில் குண்டு வெடித்ததாகச் செய்தி கேட்டுப் பயந்து போகாமல் நின்றுவிட்டோம். பாஸ்போர்ட்டில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது. புத்தகம் கேட்டது ஆறு. எனக்கு அன்று அது பெரிய அதிர்ஷ்டமாகத் தெரிந்தது.

முதலாளியிடம் போய் நின்றேன். மே மாதம், பள்ளிக்கூட லீவு, ஆபீசில் தலைக்கு மேல் வேலை. அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "பத்து நாள் போயிட்டு வாங்கம்மிணி" என்றார். நல்ல மனிதர், முகம் சுளிக்காமல்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் டிக்கெட் எழுத ஆரம்பிக்கும் முன் அம்மாவிடம் கேட்டேன். கேட்டதுதான் தப்பு.

"புதன்கிழமை திரும்புற மாதிரி போட்டுரட்டுங்களாம்மா?"

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "என்ன பேசறே நீ? முடியாம கெடக்கிறவளைப் பாக்கப் போறபோது திரும்புற நாளை ஆராச்சும் சொல்லுவாங்களா? அவளுக்கு நாள் குறிக்கிற மாதிரி ஆயிராதா?"

"இது ரூலுங்கம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"உன்ற ரூலு உன்ற ஆபீசோட இருக்கட்டும். அவ எந்திரிச்சு உக்காந்தா வருவேன். இல்லீன்னா..." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு நாளு போடாதே கண்ணு" என்றாள், கெஞ்சுகிற குரலில்.

இதற்கும் எங்கள் தொழிலில் ஒரு வழி இருந்தது. திரும்பும் டிக்கெட்டில் தேதி எழுதும் கட்டத்தில் ஓப்பன் என்று எழுதிவிடலாம். டிக்கெட் கையில் இருக்கும், நாள் மட்டும் இருக்காது. போன இடத்தில் நாள் தீர்மானமானதும் விமானக் கம்பெனியில் ஒரு சின்ன ஸ்டிக்கரை அந்தக் கட்டத்தின்மேல் ஒட்டி, தேதி எழுதித் தருவார்கள். ஆனால் புத்தகம் தெளிவாகச் சொல்லியிருந்தது, தேதி உறுதியாகியிருக்க வேண்டும் என்று. நூறு பேருக்கு அதை ஒப்பித்தவள் நான். கவுன்ட்டரில் இருப்பவர்கள் சில சமயம் கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சில சமயத்தை நம்பி, கார்பன் தாளை அழுத்தி ஓப்பன் என்று எழுதினேன். அம்மாவிடம் காட்டினேன். இங்கிலீஷ் தெரியாத அம்மா அந்தக் கட்டத்தை விரலால் தடவி, எண் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

பல்லடம், காங்கயம், கரூர் என்று பஸ்ஸில் போய்த் திருச்சியில் இறங்கினோம். அம்மா மடியில் ஒரு துணிப்பை. அதில் கொள்ளு, மிளகு, ஒரு படி பச்சரிசி. கொழும்பில் அரிசி கிடைக்காதா என்று கேலி செய்தேன். அவள் கேலியை வாங்கிக்கொள்ளவில்லை. வழி நெடுக முருங்கை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கவுன்ட்டரில் இருந்தவர் இளைஞர். எங்கள் டிக்கெட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். "ரிட்டர்ன் தேதி இல்லீங்களே?" என்றார்.

நான் என் தொழில் பெருமையெல்லாம் காட்டிப் பேசினேன். அவர் அசையவில்லை. விசா இல்லாமல் போகிறவர்களைத் தேதி இல்லாமல் ஏற்றிவிட்டால், அந்த ஊரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கம்பெனிக்கு அபராதம் விழும் என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிடக் கறாராகச் சொல்லியிருப்பேன். பிறகு அவரே இரக்கப்பட்டு, மேஜை டிராயரிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தார்.

"இப்பவே ஒட்டிக் குடுத்துடறேன். ஒரு தேதி மட்டும் சொல்லுங்கம்மா."

அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். வயதில் மூத்தவள் என்ற மரியாதை. அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"தேதி சொல்லுங்க, டைம் ஆகுது" என்றார் இளைஞர்.

நான் புதன்கிழமைத் தேதியைச் சொன்னேன். அது என் லீவு முடிகிற தேதி. அதைத் தவிர வேறு எந்தத் தேதியும் அந்த நேரத்தில் என் மனதில் வரவில்லை. புத்தகத்தில் முப்பது நாள் என்று நான்தான் படித்திருந்தேன், நான்தான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன். முப்பதாவது நாளைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அவர் எழுதினார், ஒட்டினார், கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். அம்மா விமானத்தில் என்னோடு பேசவில்லை. முதல்முறை விமானம் ஏறுகிறவள், பயந்தாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கொழும்பில் இறங்கியதும் வெள்ளை உடுப்புப் போட்ட அதிகாரி டிக்கெட்டை வாங்கி ஸ்டிக்கரைப் பார்த்தார். எந்த வீட்டில் தங்குகிறீர்கள் என்று கேட்டார், முத்திரை குத்தினார். முப்பது நாள். அம்மா எட்டிப் பார்த்து, "என்னன்னு போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். உள்ளே போகலாம் என்று போட்டிருக்கிறார்கள் என்றேன். அப்போது ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவசரத்தில் சொன்னதுதான்.

அண்ணன் வீடு வெள்ளவத்தையில், கடலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் பக்கத்தில் இருந்தது. சண்டைக் காலம் என்பதால் தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி. வெளியூர் ஆட்கள் வீட்டில் தங்கினால் போலீஸில் பதிய வேண்டும். அண்ணன் அன்றே ஒரு தாளை நிரப்பினார். அதிலும் எப்போது போகிறார்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்து அவரே எழுதிக்கொண்டார், அம்மாவின் காதில் விழும்படி எதுவும் கேட்கவில்லை. அவரும் அதே வழக்கத்தில் வளர்ந்தவர்தானே.

பெரியம்மா உள்ளறையில் ஜன்னலோரம் படுத்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, முகம் மட்டும் சின்னதாகிப் போயிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பெரியம்மாதான் முதலில் பேசினாள்.

"வந்துட்டியா கண்ணு. சோறு தின்னியா?"

அம்மா ஓடிப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த வீங்கிய பாதங்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பத்து நாளில் என் நினைவில் அவளை வேறு இடத்தில் பார்த்ததாகவே இல்லை. குளிக்க, சமைக்கப் போவாள், உடனே வந்துவிடுவாள். இருவரும் பெரிதாக எதையும் பேசவில்லை. செத்துப்போன எருமையைப் பற்றிப் பேசினார்கள். சின்ன வயதில் கிணற்றில் விழுந்த வெண்கலச் சொம்பு யாருடைய தப்பு என்று சண்டை போட்டார்கள். ரயில் போகும்போது ஜன்னல் கம்பி அதிரும், பேச்சை நிறுத்துவார்கள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

பெரியம்மா ஒருநாள் கேட்டே விட்டாள். "எத்தனை நாளைக்குடி இருப்பே?"

"அதென்ன கேள்வி? நீங்க எந்திரிச்சு அடுப்புப் பத்தவெக்கிற வரைக்கும்" என்றாள் அம்மா. பெரியம்மா சிரித்தாள். எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை, கடற்கரைப் பக்கம் போய்விட்டேன்.

எட்டாம் நாள், கொண்டுபோன பச்சரிசியில் அம்மா அரிசிம்பருப்புச் சாதம் குழைய ஆக்கி, நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினாள். இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்த பெரியம்மா நாலு வாய் வாங்கினாள். உப்புக் கொஞ்சம் பற்றவில்லை என்று குறைகூடச் சொன்னாள். டாக்டர் உப்பே கூடாது என்று சொல்லியிருந்தார். அண்ணன் சமையல்கட்டுக்குப் போய் அழுதார். எனக்கு மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது: பெரியம்மா தேறிக்கொண்டிருக்கிறாள், நாம் கிளம்பலாம்.

அன்று மத்தியானம் அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அன்னைக்கு அந்தப் பையன் ஒட்டினானே, அந்த நாளை மாத்த முடியாதா? இன்னும் சித்த நாளு இருந்துபோட்டுப் போலாம்னு இருக்குது."

என்னிடம் அம்மா அப்படி எதையும் கேட்டவள் அல்ல. கேட்டதும் நான் சொன்னேன்:

"முடியாதுங்கம்மா. கவர்மெண்டுல தேதி போட்டாச்சு. அதுக்கு மேல ஒரு நாள் இருந்தாலும் புடிச்சு உள்ள வெச்சுருவாங்க."

பச்சைப் பொய். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் விமானக் கம்பெனி ஆபீஸ். பழைய ஸ்டிக்கரின் மேல் இன்னொரு ஸ்டிக்கர், அவ்வளவுதான் வேலை. முத்திரையில் இன்னும் இருபத்திரண்டு நாள் பாக்கி இருந்தது. அண்ணன்கூட முந்தின நாள் தனியாகக் கேட்டார், "அம்மணி, நான் வேணும்னா போய் மாத்திக் குடுக்கட்டுமா?" என்று. லீவு இல்லீங்கண்ணா என்றேன். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

வேலை போய்விடுமோ என்று பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. எனக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த அறையின் மருந்து வாசனை, மூத்திர வாசனை, எப்போது என்ன நடக்குமோ என்று மூச்சைக் கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் எனக்கு வேண்டாம் என்றிருந்தது. என் மேஜை, என் போன், சாயங்காலம் என் பஸ், அவை வேண்டும் என்றிருந்தது. அம்மாவை மட்டும் விட்டுவிட்டு வரலாம் என்றால், தனியாக ஊர் திரும்ப அவளுக்குத் தெரியாது. அதனால் சட்டத்தின் தலையில் பழியைப் போட்டேன். சட்டம் என்றால் அம்மா நம்புவாள் என்று எனக்குத் தெரியும்.

நம்பினாள். "அப்பிடியா" என்றாள். பெரியம்மாவின் காலைப் பிடித்துவிட உள்ளே போனாள்.

புதன்கிழமை காலையில் அம்மா பெட்டியைப் பெரியம்மாவின் கண்ணில் படாமல் முன்பக்கம் எடுத்துவரச் சொன்னாள். கட்டிலருகே போய்க் குனிந்து, "கடைக்குப் போயிட்டு வாரேனுங்கக்கா" என்றாள். கட்டியிருந்த புடவையோ ஊருக்குக் கட்டுகிற புடவை. பெரியம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "வெயில்ல சுத்தாம சட்டுனு வந்துரு" என்றாள். நான் கும்பிட்டபோது என் கையைப் பிடித்து, "அவளைப் பாத்துக்க அம்மணி" என்றாள். எனக்கு அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை காலையில் போன் வந்தது. பெரியம்மா விடியற்காலையில் போய்விட்டாளாம். கடைசியில் நினைவு இருந்ததாம். உன் சின்னம்மா இன்னும் கடையிலிருந்து வரவில்லையா என்று இரண்டு தரம் கேட்டாளாம். அண்ணன் இதை என்னிடம் மட்டும் சொன்னார், நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏனம்மிணி, அங்கிருந்து ஒரு போன் பண்ணியிருந்தா இருந்துபோட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேனே. நாலு நாள்ல ஆபீஸ் என்ன முழுகியா போகப்போகுது?"  அந்த ஆபீசில் போன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் எப்போதும் இருந்தது. கொழும்பு அண்ணன் வீட்டிலும் ஒன்று இருந்தது, வராந்தாவிலேயே.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள். போனவள் மூன்று நாள் சேர்த்து இருந்துவிட்டு வரக்கூடாதா என்று. அம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "என்ன பண்றதுங்க, கவர்மெண்டுல தேதி போட்டுட்டாங்க. அதுக்கு மேல இருந்தா புடிச்சு உள்ள வெச்சுருவாங்களாமா. பாவம், இந்தப் புள்ள என்ன பண்ணும்?" நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஒருநாள் டாக்டரிடம் காட்டிவிட்டு, மருந்து ஊற்றிய கண்ணோடு தனியாக வீட்டுக்கு அனுப்ப முடியாமல், ஆபீசுக்கே கூட்டிவந்து, வாடிக்கையாளர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்காரவைத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு பெரியவர் வந்தார். கொழும்பில் மகள், பிரசவம், பார்க்கப் போக வேண்டும். நான் வழக்கம்போல் ஒப்பித்தேன். பாஸ்போர்ட் ஆறு மாதம், முகவரி, டாலர், தேதி போட்ட ரிட்டர்ன் டிக்கெட்.

"தேதி இப்பவே எப்படிங்க சொல்றது? பிரசவம் முன்னப் பின்ன ஆகுமே" என்றார்.

"அதுக்கென்னங்க, ஒரு தேதி போட்டுக்கலாம். அங்க போயி வேணும்ங்கிறபோது மாத்திக்குங்க. கம்பெனி ஆபீசுல காட்டினா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துருவாங்க. முப்பது நாள் வரைக்கும் ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். அம்மா சுவரில் சாய்ந்தபடியேதான் இருந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை. பெரியவருக்கு டிக்கெட் எழுதும்போது தேதியைத் தப்பாக எழுதி ஒரு தாள் வீணாகிவிட்டது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வெளிச்சம் கூசுகிறது என்று அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். ரோட்டைக் கடந்து மறுபக்கம் போய் நின்றதும் கேட்டாள்.

"நாளை மாத்தற அந்த ஸ்டிக்கரு, அன்னைக்கும் இருந்துச்சா கண்ணு?"

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. மாற்றுகிற வசதி இந்த வருஷம்தான் புதிதாக வந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். என்னால் முடியவில்லை.

"இருந்துச்சுங்கம்மா" என்றேன்.

அம்மா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லி, அங்கேயே அவள் காலில் விழுந்திருப்பேன். பஸ் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினாள், இறங்கினாள், வீடுவரை வந்தாள். மருந்து ஊற்றிய கண்ணோடு அவளுக்கு வேறு வழியும் இல்லை. வீட்டில் வழக்கம்போல் சோறு போட்டாள். நான் சாப்பிட முடியாமல் எழுந்தபோது, மிச்சத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதற்கு அடுத்த மாதம் துடியலூரில் ஒரு சீர் விசேஷம். அம்மாவும் நானும் போயிருந்தோம். ரொம்ப நாள் பார்க்காத ஓர் ஒரம்பரைப் பெண்மணி, பந்தியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பெரியம்மா சாவைப் பற்றி விசாரித்தார். பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நான் இலையில் தண்ணீர் தெளித்தபடி எதிரில் குனிந்திருந்தேன். எழுந்து போகவும் வழியில்லை.

"அவ்வளவு தூரம் போனவ, அக்கா மூச்சு நிக்கிற வரைக்கும் இருந்துபோட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

அம்மா தண்ணீர் டம்ளரை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.  உண்மை வரட்டும், வந்துவிட்டால்கூட நல்லது என்று அந்தக் கணத்தில் நினைத்தேன்.

"என்ன பண்றதுங்க" என்றாள் அம்மா, முன்பு எல்லோரிடமும் சொன்ன அதே குரலில். "கவர்மெண்டுல தேதி போட்டுட்டாங்க. இந்தப் புள்ளையும் எவ்வளவோ கேட்டுப் பாத்துச்சு. மாத்த முடியாதுன்னுட்டாங்க."

சொல்லிவிட்டு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.